பாரோன்ஸின் பாட்டு அலமாரி

ரீகாவில் பிறந்த வில்ஹெல்ம் ஆஸ்ட்வால்ட் 1909-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றார். அதே ஊர்க்காரர் மிகயில் தால் 1960-இல் உலகச் சதுரங்க வாகையர் ஆனார். இப்படிப் புகழ்பெற்றவர்கள் லாட்வியாவில் பலர் உண்டு. ஆனால் 1993 முதல் 2013 வரை அந்நாட்டில் புழங்கிய லாட்ஸ் நோட்டுகளில், பெயர் சொல்லி அடையாளம் காட்டக்கூடிய ஒரே மனிதரின் முகம் ஒரு பாட்டுச் சேகரிப்பாளருடையது. கிரிஷ்யானிஸ் பாரோன்ஸ் என்பது அவர் பெயர். நூறு லாட்ஸ் நோட்டில் வெண்தாடியோடு இருந்தார். அவர் பாட்டுகளைச் சேர்த்தார் என்பதை எல்லோரும் சொல்வார்கள். என் பார்வையில் அவருடைய பெருமை சேர்த்ததோடு நிற்கவில்லை. சேர்த்தவற்றைத் தன் கையால் ஒரே கதையாகக் கோக்காமல் விட்டாரே, அதில்தான் அது முழுமையாகத் தெரிகிறது.

அவர் எங்கிருந்து வந்தார் என்பதைச் சற்றே பார்க்க வேண்டும். பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஜெர்மானியச் சிலுவைப் போராளிகள் அந்த மண்ணைப் பிடித்த நாள் முதல், ஆண்டவர்கள் வேற்று மொழிக்காரர்களாகவும் உழுதவர்கள் லாட்வியர்களாகவும் இருந்தார்கள். போலந்து, சுவீடன், ரஷ்யா என்று மேலே முடிகள் மாறின. பண்ணையார்கள் பெரும்பாலும் ஜெர்மானியர்களாகவே நீடித்தார்கள். குர்ஸெமெ பகுதியில் 1817-இலும், விட்ஸெமெயில் 1819-இலும், கிழக்கே லட்கலெயில் 1861-இலும்தான் பண்ணையடிமை முறை ஒழிந்தது. அதன் பிறகும் படித்து மேலே வந்த லாட்வியர் ஜெர்மானியராக மாறிவிடுவதுதான் வழக்கம். 1835-இல் பிறந்த பாரோன்ஸ் தார்த்து பல்கலைக்கழகத்தில் கணிதமும் வானியலும் படித்தும் அப்படி மாறவில்லை. பீட்டர்ஸ்பர்கில் கிரிஷ்யானிஸ் வல்டமார்ஸ் முதலியவர்களோடு சேர்ந்து 1862-இல் ஒரு லாட்வியச் செய்தித்தாள் நடத்தினார். அரசின் நெருக்கடியில் 1865-இல் அது நின்றது. பிழைப்புக்காக மாஸ்கோ போய், ஒரு ரஷ்யக் குடும்பத்தின் பிள்ளைகளுக்கு வீட்டாசிரியராகக் கால் நூற்றாண்டு இருந்தார்.

அந்த வேலைக்கு நடுவேதான் பாட்டுப் பணி வந்தது. நண்பர் ஃப்ரீட்ஸிஸ் ப்ரீவ்ஸெம்னியெக்ஸ் தொடங்கிய சேகரிப்பை 1878-இல் பாரோன்ஸ் ஏற்றுக்கொண்டார். லாட்வியச் செய்தித்தாள்களில் வேண்டுகோள் வெளியாயிற்று. பள்ளி ஆசிரியர்களும் உழவர்களும் தங்கள் ஊரில் கேட்டதை எழுதி அனுப்பினார்கள். ‘டைனா’ என்னும் அந்தப் பாடல் பெரும்பாலும் நான்கே வரி. தொட்டில், கதிரவன், மாடு, கம்பு வயல், தாயில்லாப் பெண், கல்யாணக் கேலி என எதுவும் அதில் அடங்கும். பாடியவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கடிதக் கட்டுகள் குவியவே, 1880-இல் தானே வரைந்து கொடுத்து மாஸ்கோவில் ஓர் அலமாரி செய்வித்தார். உயரம் 160 செ.மீ.; அதில் 70 இழுப்பறைகள், ஒவ்வொன்றிலும் 20 அறைகள். 3 செ.மீ. அகலமும் 11 செ.மீ. நீளமும் உள்ள காகிதச் சீட்டில் ஒரு பாட்டு. அந்த அளவுக்குள் நான்கு வரியும் அடங்க வேண்டுமானால் எழுத்து எவ்வளவு பொடியாக இருந்திருக்கும்! இன்று அதில் உள்ள சீட்டுகள் 2,68,815. 1893-இல் ரீகா திரும்பிய அவர், மறு ஆண்டே அச்சுப்பணியைத் தொடங்கினார். ‘லாட்வியர் டைனாக்கள்’ ஆறு தொகுதிகளாக 1915-இல் நிறைவுற்றபோது அவருக்கு எண்பது வயது. முதல் தொகுதி யெல்கவாவில் வெளியானது; பிந்தியவற்றைப் பீட்டர்ஸ்பர்க் அறிவியல் கழகம் வெளியிட்டது.

அந்தக் காலத்தில் இப்படி ஒரு குவியல் கைக்கு வந்தால் எல்லோரும் என்ன செய்தார்கள்? பின்லாந்தில் லோன்ரோட் நாட்டுப்பாடல்களை இணைத்து 1835-இல் ‘கலேவலா’ காவியம் ஆக்கினார். பக்கத்து எஸ்டோனியாவில் க்ரொய்ட்ஸ்வால்ட் ‘கலேவிப்போயெக்’ எழுதினார். லாட்வியாவிலேயே ராணுவ அதிகாரி ஆந்த்ரேய்ஸ் பும்புர்ஸ் 1888-இல் ‘லாச்ப்லேசிஸ்’ என்னும் வீரகாவியத்தை வெளியிட்டார். காவியம் இல்லாத இனத்துக்கு மதிப்பில்லை என்ற எண்ணம் அன்று அவ்வளவு வலுவாக இருந்தது. பாரோன்ஸ் அந்த வழியில் போகவில்லை. ஒரே பாட்டு பத்து ஊரில் பத்து விதமாக வந்தால், ஒன்றை முதலில் அச்சிட்டு மற்றவற்றை அதன் கீழே சிறிய எழுத்தில், வந்த இடத்தின் குறியோடு சேர்த்தார். அச்சான 2,17,996 பாட்டுகளில் தலைப்பாட்டுகள் ஏறக்குறைய 36,000 மட்டுமே. மீதி எல்லாம் வேறுபாடுகள். ஒரு சொல் மாறினாலும் அந்த ஊர்க்காரியின் சொல்லுக்குத் தாளில் இடம் கிடைத்தது. காவியம் கட்டியிருந்தால் லாட்வியாவுக்கு ஒரு புலவர் கிடைத்திருப்பார். பெயர் தெரியாத பல்லாயிரம் புலவர்கள் மறைந்திருப்பார்கள்.

இதை மறுத்துச் சொல்லவும் விஷயம் இருக்கிறது. நாட்டுப்பாடலில் ஒரு மக்களின் உயிர் இருக்கிறது என்ற கருத்தே ஜெர்மானியருடையது என்பார்கள். உண்மைதான். 1764 முதல் 1769 வரை ரீகாவில் பணியாற்றிய ஜெர்மானியச் சிந்தனையாளர் ஹெர்டர் பிறகு வெளியிட்ட நாட்டுப்பாடல் தொகுப்பில் லாட்வியப் பாடல்களும் உண்டு; ஜெர்மானியப் பாதிரிமார்களும் பாரோன்ஸுக்கு முன்பே தொகுத்தார்கள். ஆனால் அவர்கள் காலத்தில் உழவர் பாடினார், வேறொருவர் குறித்துக்கொண்டார். பாரோன்ஸுக்கு அனுப்பியதோ அந்த உழவர் வீட்டுப் பிள்ளைகளே. கருத்து எங்கே பிறந்தால் என்ன, எழுதுகோல் கைமாறியது பெரிய மாற்றம். எதைத் தலைப்பாட்டு ஆக்குவது, எதை வேறுபாடு ஆக்குவது என்பது பாரோன்ஸின் முடிவுதானே, பிறப்பு முதல் சாவு வரை வரிசைப்படுத்தியதும் அவர்தானே என்பது இன்னொரு மறுப்பு. அதுவும் சரி. ஆயினும் அவர் எதைக் கீழே வைத்தாரோ அது அதே பக்கத்தில் இருக்கிறது; படிப்பவர் வரிசையை மாற்றிக்கொள்ளலாம். ‘கலேவலா’வைப் பிரித்து மூலப்பாடல்களைக் காண்பது அவ்வளவு எளிதல்ல. காதலும் காமமும் கலந்த பாடல்களைக்கூட அவர் எரிக்கவில்லை. ஆறாம் தொகுதியில் தனியே சேர்த்தார்.

ஒரு குறைக்கு மட்டும் என்னால் விடை சொல்ல முடியவில்லை. அலமாரியில் சொல் இருக்கிறது, மெட்டு இல்லை. பாட்டிலிருந்து மெட்டை உரித்தால் எஞ்சுவது பாதிதான். மெட்டுகளை ஆந்த்ரேய்ஸ் யுர்யான்ஸ் தனியே தேடித் தொகுத்தார்; இரண்டு வேலைகளும் ஒன்றாக நடந்திருந்தால் எவ்வளவோ மிஞ்சியிருக்கும். சொற்களிலும் விடுபட்டவை உண்டு. 1865 முதல் 1904 வரை லத்தீன் எழுத்தில் அச்சிட ரஷ்ய அரசு தடை விதித்திருந்த லட்கலெயின் பாடல்களில் பலவற்றை, 1924-இல் ஆன்னா பேர்ஸ்கால்னெ தொடங்கிய நாட்டாரியல் ஆவணக்காப்பகம்தான் பிறகு சேர்த்தது.

பாரோன்ஸ் 1923 மார்ச் 8 அன்று, சுதந்திர நாடாகிவிட்ட லாட்வியாவில், ரீகாவில் காலமானார். 2001-இல் யுனெஸ்கோ அந்த அலமாரியை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. இப்போது அது தேசிய நூலகத்தில் இருக்கிறது. ரீகா போக வாய்ப்புள்ளவர்கள் அங்கே நின்று பாருங்கள். பிறகு அந்தத் தொகுதிகளில் ஒன்றை எடுத்து எந்தப் பக்கத்தையாவது திறந்து, பெரிய எழுத்துப் பாட்டைத் தாண்டி, கீழே உள்ள பொடி எழுத்துகளையும் பாருங்கள்.