தெறித்து மீளும் வலு: பேராதனைப் பூங்கா முதல் ஏக்கல வரை

இலங்கை வானொலி வரலாறு பெரும்பாலும் குரல்களின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. ஒலிபரப்பியிலிருந்து ஏரியலுக்கு வலுவைக் கொண்டுசெல்லும் கம்பிக்கும் ஒரு வரலாறு உண்டு.

1944 ஏப்ரலில் மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியப் படைத் தலைமையகம் டில்லியிலிருந்து கண்டிக்குப் பெயர்ந்து, பேராதனைத் தாவரவியற் பூங்காவில் இயங்கியது. அதன் படையினருக்கென எழுந்ததே 'ரேடியோ சியாக்'. அந்நிலையத்தின் 100 கிலோவாற்றுச் சிற்றலை ஒலிபரப்பி 1946 இல் கொழும்புக்கு வடக்கே ஏக்கலவில் இயங்கத் தொடங்கியபோது போர் முடிந்திருந்தது. தலைமையகமும் சிங்கப்பூர் சென்றுவிட்டது. பேரரசின் படைக்கென அமைந்த கருவி 1949 இல் இலங்கை மக்களின் வானொலிக்கு வந்து சேர்ந்தது.

இத்தகைய பெருவலு செல்லும் கம்பியின் தடங்கலும் ஏரியலின் தடங்கலும் ஒவ்வாவிடின், வலுவில் ஒரு பகுதி ஏரியலுள் புகாது தெறித்து மீளும். மீண்டது வீணாயிற்று என்பதே பலரது எண்ணம். இது பிழையாகும். விளக்கத்தின்பொருட்டு, இழப்பற்ற 600 ஓம் கம்பியொன்றில் நிலையலை விகிதம் 3 எனக் கொள்வோம். முன்செல்லும் வலுவில் காற்பங்கு தெறிக்கும். ஒலிபரப்பிப் பக்கத்து இசைவுச் சுற்று அதனை மீண்டும் ஏரியலை நோக்கித் திருப்பும். ஆகவே ஒலிபரப்பி தருவது 100 கிலோவாற்று, முன்செல்வது 133, மீள்வது 33, ஏரியல் ஏற்பது அதே 100. விந்தைபோலத் தோன்றினும் சக்திக் காப்பு விதி இங்கு மீறப்படவில்லை.

ஆயினும் தெறிப்பு தீங்கற்றதன்று. ஒவ்விய நிலையில் ஏறத்தாழ 7,700 வோல்ற்றைத் தாங்கும் அக்கம்பி, இப்போது சில இடங்களில் 13,400 வோல்ற்றைத் தாங்கவேண்டும். காவலிகள் உடைவது இதனாலேயே. கம்பியின் சொந்த இழப்பும் ஒவ்வொரு போக்குவரவிலும் தன் பங்கை வெப்பமாக்கும். கண்டி மலைச்சாரலின் மழையில் நனையும் தட்டை இரட்டைக்கம்பியில் இவ்விழப்பு பெருகும்.

இக்கணிதம் வானொலிக்கு முந்தியது. 1880களில் இதனை வகுத்த ஒலிவர் ஹெவிசைட் பல்கலைக்கழகம் காணாதவர். முன்னாள் தந்தி ஊழியர். பிரித்தானியத் தபால் திணைக்களப் பொறியியலாளர் பிறீஸ் அவரை எதிர்த்தார். பதவி அறிவை மறித்த கதைகளுள் இதுவும் ஒன்று. எனினும் 1973 இல் கூட, அமெரிக்கப் பொழுதுபோக்கு வானொலியாளரின் 'கியூ.எஸ்.ரி.' இதழில் வால்ற்றர் மாக்ஸ்வெல் இதே பிழையைக் களையத் தொடர்கட்டுரை எழுத வேண்டியிருந்தது. போருக்குப் பின் பரவிய ஓரச்சு வடமும் மலிவான அளவியுமே இதற்குக் காரணம் என்பது எம் கருத்து. அளவி தெறிப்பின் அளவைக் காட்டும். அது பின்னர் எங்குச் செல்கிறது என்பதைக் காட்டாது.

1964 இல் பொறியியற் பீடம் பேராதனைக்கு வந்தது. அன்று படைத் தலைமையகம் இருந்த பூங்காவுக்கு அணித்தே, தந்தி ஊழியரின் சமன்பாடுகள் இன்று மாணவர்க்குப் பாடமாக உள்ளன.