கூடாரத்தில் தொடங்கிய ஊமைப்பட விழா

பேஸ்மென்ட் ஸ்டோர் ரூமைக் காலி செய்வது என்று சென்ற பொதுக்குழுவில் முடிவானது எல்லோருக்கும் தெரியும். கிழிந்த ஷாமியானா, உடைந்த கேரம் போர்டுகள், யாருடையது என்றே தெரியாத ஒரு குழந்தை சைக்கிள் இவற்றோடு, இரண்டு அட்டைப் பெட்டி நிறைய வி.எச்.எஸ். கேசட்டுகளும் அங்கே இருக்கின்றன. "போட்டுப் பார்க்க மெஷினே இல்லை, எதற்கு வைத்துக்கொண்டு?" என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். அன்று எனக்குப் பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு இத்தாலியில் போர்டெனோனே என்ற சிறிய ஊரில் நடக்கும் ஒரு திரைப்பட விழா ஞாபகத்துக்கு வந்தது. அதன் கதையை இங்கே சொல்கிறேன்.

போர்டெனோனே, வெனிஸ் நகரத்துக்கு வடகிழக்கே, ஃப்ரியூலி பகுதியில் இருக்கிறது. மக்கள்தொகை ஐம்பதாயிரம் சொச்சம். சுற்றுலாப் பயணிகள் தேடி வரும் ஊர் அல்ல. நம்மில் சிலர் பெயர் கேட்டிருக்கக்கூடிய ஜனுஸ்ஸி வாஷிங் மெஷின், ஃபிரிட்ஜ் தயாரித்த தொழிற்பேட்டை ஊர் என்றுதான் இத்தாலியர்களே அதை அறிவார்கள். ஆண்டுதோறும் அக்டோபர் தொடக்கத்தில் மட்டும் ஒரு வாரத்துக்கு நிலைமை மாறிவிடும். உலகின் பல மூலைகளிலிருந்து பேராசிரியர்கள், ஆவணக் காப்பாளர்கள், பியானோ கலைஞர்கள், சினிமாப் பைத்தியங்கள் எல்லாம் வந்து இறங்குவார்கள். காலையிலிருந்து நள்ளிரவு வரை அவர்கள் பார்ப்பது ஊமைப்படங்கள். விழாவின் பெயரே 'ஊமைப்பட நாட்கள்' என்றுதான் பொருள்படும். ஆஸ்கருக்குப் போகும் படங்களின் போட்டி, சிவப்புக் கம்பளம் எதுவும் கிடையாது. நடித்தவர்களில் யாரும் இன்று உயிரோடு இல்லை, பிறகு சிவப்புக் கம்பளம் யாருக்கு?

இதன் வேர் ஒரு பேரழிவில் இருக்கிறது. 1976 மே 6ஆம் தேதி இரவு ஒன்பது மணிக்கு ஃப்ரியூலியைப் பெரும் நிலநடுக்கம் தாக்கியது. ஒரு நிமிடம்கூட நீடிக்கவில்லை. ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவானவர்கள் இறந்தார்கள். லட்சம் பேருக்கு மேல் வீடிழந்தார்கள். மலையடிவாரத்தில் உள்ள ஜெமோனா என்ற பழைய ஊரில் மட்டும் ஏறக்குறைய நானூறு பேர் மடிந்தார்கள். மிச்சமிருந்தவர்கள் கோடை முழுவதும் கூடாரங்களில் தங்கினார்கள். இடிபாட்டை அள்ளி ஒருவழியாக எழுந்து நிற்கும்போது செப்டம்பரில் மறுபடி பூமி ஆடியது. முதல் நடுக்கத்தில் விரிசலோடு தப்பிய சுவர்கள் இரண்டாவதில் விழுந்தன. குளிர்காலம் நெருங்கியதால் ஆயிரக்கணக்கானோரை அத்ரியாத்திக் கடற்கரையில் காலியாகக் கிடந்த சுற்றுலா விடுதிகளுக்கு அனுப்பினார்கள்.

அந்தக் கூடார நாட்களில்தான் ஆஞ்செலோ ஹுமௌடா என்பவர் ஜெனோவா நகரிலிருந்து வந்து சேர்ந்தார். அங்கே ஒரு சிறிய திரைப்படக் காப்பகம் நடத்திவந்தவர். அவர் கொண்டுவந்தது ஒரு புரொஜெக்டரும் சில படச்சுருள்களும். கூடார முகாம்களில் திரை கட்டி, வீடிழந்தவர்களுக்குப் பழைய படங்களைக் காட்டினார். கம்பளியும் ரொட்டியும் தேவைப்படும் இடத்துக்குப் படப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போக ஒரு தனித் துணிச்சல் வேண்டும். யாராவது அவரைத் திட்டியிருந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன். ஆனால் மக்கள் உட்கார்ந்து பார்த்தார்கள்.

நமக்கும் கூடாரமும் சினிமாவும் புதிதல்ல. 1905 வாக்கில் திருச்சி ரயில்வே ஊழியரான சாமிக்கண்ணு வின்சென்ட், ஒரு பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டரையும் படச்சுருளையும் வாங்கிக்கொண்டு ஊர் ஊராகக் கூடாரம் போட்டுப் படம் காட்டியவர். பின்னாளில் கோவையில் வெரைட்டி ஹால் கட்டியவரும் அவரே. டென்ட் கொட்டகையில் மணல் குவித்து உட்கார்ந்து படம் பார்த்த பெரியவர்கள் நம் பிளாக்குகளிலேயே இருக்கிறார்கள்.

ஜெமோனாவுக்குத் திரும்புவோம். ஹுமௌடாவின் உதவியோடு, லிவியோ ஜாகோப், பியரா படாட் தம்பதியும் அவர்களுடைய நண்பர்களும் 1977இல் 'ஃப்ரியூலி திரைப்படக் காப்பகம்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். ஊரில் பாதிப் பேருக்கு இன்னும் நிரந்தர வீடு இல்லாத நேரம். பக்கத்து ஊரான வென்ஸோனேயில் இடிந்த தேவாலயத்தின் கற்களைப் பொறுக்கி, அளந்து, எந்தக் கல் எந்த இடத்தில் இருந்தது என்று கண்டுபிடித்து, பிறகு அதே இடத்தில் வைத்து அதே தேவாலயத்தைத் திரும்ப எழுப்பினார்கள். அந்த வேலை முடிய 1990களின் நடுப்பகுதி ஆனது. அப்படிப்பட்ட மனநிலையில் இருந்த மக்கள் நடுவில்தான் பழைய பிலிம் துண்டுகளைச் சேர்த்து ஒட்டும் ஒரு காப்பகம் வளர்ந்தது. எனக்கு இது தற்செயலாகத் தோன்றவில்லை.

1982இல் இந்தக் காப்பகமும் போர்டெனோனேயின் திரைப்படச் சங்கமான சினெமாஸீரோவும் சேர்ந்து முதல் விழாவை நடத்தின. மூத்த வரலாற்றாசிரியர் டேவிடே துர்கோனி துணை நின்றார். வெளியூரிலிருந்து வந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். காட்டியது ஒரே ஒரு கலைஞரின் படங்களை: மாக்ஸ் லிண்டெர். பட்டுத் தொப்பியும் கைத்தடியுமாக வரும் பிரெஞ்சு நகைச்சுவை நடிகர். முதல் உலகப் போருக்கு முன்பே உலகம் முழுக்க முகம் தெரிந்த நட்சத்திரம். சாப்ளினே அவரைத் தன் ஆசான் என்று ஒப்புக்கொண்டவர். 1925இல் மனைவியோடு சேர்ந்து உயிரை மாய்த்துக்கொண்டார். அப்போது அவர்களுடைய மகள் மோட் கைக்குழந்தை. வளர்ந்த பிறகு, அப்பா எப்படி இருப்பார் என்று தெரிந்துகொள்ள அவருக்கு இருந்த வழி அந்தப் படங்கள்தான். சிதறிக் கிடந்தவற்றைத் தேடிச் சேர்ப்பதையே வாழ்நாள் வேலையாக்கிக்கொண்டார்.

ஊமைப்படம் என்றால் நம் மனதில் என்ன வருகிறது? கறுப்பு வெள்ளை, மழை பெய்வது போன்ற கோடுகள், எல்லோரும் அவசரமாக ஓடுவது. இவற்றில் பெரும்பகுதி தவறு என்று காட்டியதுதான் போர்டெனோனே விழா செய்த பெரிய காரியம்.

ஓட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் கேமராவைக் கையால் சுழற்றினார்கள். நொடிக்குப் பதினாறு, பதினெட்டு, இருபது சட்டகம் என்று ஆளுக்கு ஆள், படத்துக்குப் படம் மாறும். பேசும்படம் வந்தபோது ஒலிக்காக அதை நொடிக்கு 24 என்று நிலைநிறுத்தினார்கள். பிற்பாடு பழைய படங்களையும் அதே 24இல் ஓட்டியதால், துக்க வீட்டுக் காட்சியில்கூட ஆட்கள் பொம்மை போலத் துள்ளினார்கள். மூன்று தலைமுறை அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, 'அந்தக் காலத்தில் நடிக்கத் தெரியாது' என்று முடிவு கட்டிவிட்டது. போர்டெனோனே விழா மலரில் ஒவ்வொரு படத்துக்கும் நீளம் இத்தனை மீட்டர், வேகம் இத்தனை என்று அச்சிட்டிருப்பார்கள். சரியான வேகத்தில் ஓட்டினால் அந்த நடிகர்கள் நம்மைப் போலவே நடக்கிறார்கள், தயங்குகிறார்கள், அழுகிறார்கள்.

நிறமும் அப்படித்தான். இரவுக் காட்சிக்கு நீலம், விளக்கொளிக்கு மஞ்சள், தீ விபத்துக்குச் சிவப்பு என்று பிலிமையே சாயத்தில் தோய்த்தார்கள். பின்னாளில் செலவு மிச்சம் என்று வெறும் கறுப்பு வெள்ளையில் நகலெடுத்ததால் நிறம் போனது. அப்புறம் சத்தம். ஊமைப்படம் ஒருபோதும் மௌனமாக ஓடியதில்லை. கொட்டகையில் பியானோவோ, வாத்தியக் குழுவோ இருக்கும். நம் ஊர்க் கொட்டகைகளில் ஆர்மோனியம், தபேலாவோடு, திரைக்குப் பக்கத்தில் நின்று கதையை உரக்கச் சொல்ல ஒரு ஆளும் இருந்தார். போர்டெனோனேயில் இன்றும் ஒவ்வொரு காட்சிக்கும் நேரடி இசைதான். காலை ஒன்பது மணிக்கு ஓடும் ஐந்து நிமிடத் துணுக்குப் படத்துக்கும் ஒருவர் பியானோ முன் உட்கார்ந்திருப்பார். இந்தக் கலை அழிந்துவிடாமல் இருக்க இளம் பியானோக் கலைஞர்களுக்கு விழாவிலேயே பயிற்சி வகுப்பும் நடக்கிறது.

விழா வளர்ந்த விதத்தை ஆண்டு ஆண்டாகச் சொல்லப் போவதில்லை. ஒன்று போதும். 1989இல், புரட்சிக்கு முந்தைய ரஷ்யப் படங்களைக் காட்டினார்கள். 1917க்கு முன் எடுத்ததெல்லாம் குப்பை என்று சோவியத் காலம் முழுக்க ஒதுக்கி வைத்திருந்த படங்கள் அவை. யெவ்கெனி பாவெர் என்ற இயக்குநரின் பெயர் ரஷ்யாவுக்கு வெளியே அநேகமாக யாருக்கும் தெரியாது. அந்த ஒரு வாரத்துக்குப் பிறகு அவரை விட்டுவிட்டு உலக சினிமா வரலாறு எழுத முடியாமல் போனது. ஐம்பதாயிரம் பேர் வாழும் ஒரு வாஷிங் மெஷின் ஊரில் இது நடந்தது.

1999இல் ஊரின் பழைய வெர்டி அரங்கை இடித்துப் புதிதாகக் கட்ட முடிவு செய்தபோது, விழா பக்கத்திலுள்ள இன்னும் சிறிய ஊரான சாசிலேவுக்குக் குடிபோனது. எட்டு ஆண்டு அங்கே இருந்து 2007இல் திரும்பி வந்தது. இடம் இல்லை என்று ஓராண்டுகூட நிறுத்தவில்லை. 2020இல் கொரோனா வந்தபோதும் இணையம் வழியாக நடத்தினார்கள்.

1994இல் இந்திய ஊமைப்படங்களின் முறை வந்தது. அதையொட்டி சுரேஷ் சாப்ரியாவும் விழாவின் நிறுவனர்களில் ஒருவரான பாவ்லோ கெர்கி உசாயும் தொகுத்த நூல், நம் ஊமைப்படங்களைப் பற்றிப் படிக்கிறவர்கள் இன்றும் முதலில் தேடும் புத்தகம். கணக்கு சங்கடமானது. இந்தியாவில் எடுத்த ஊமைப்படங்கள் 1,300க்கும் மேல். எஞ்சியவை, துண்டு துணுக்குகளையும் சேர்த்து, முப்பதைச் சுற்றித்தான். சென்னையில் நடராஜ முதலியார் எடுத்த 'கீசக வதம்' தென்னிந்தியாவின் முதல் கதைப்படம். அதன் பிரதி இல்லை. 1931இல் வந்த நம் முதல் பேசும்படம் 'காளிதாஸ்', அதுவும் இல்லை. நைட்ரேட் பிலிம் எளிதில் தீப்பிடிக்கும். தப்பியதை வெப்பமும் ஈரமும் அரித்தன. மிச்சத்தை வெள்ளி எடுக்க உருக்கினார்கள். ஓடி முடித்த படத்துக்குக் காசு வராது, உருக்கினால் கொஞ்சம் வரும். அவ்வளவுதான் காரணம்.

தெற்கில் தப்பிப் பிழைத்த ஒரு படம் 'மார்த்தாண்ட வர்மா'. நாகர்கோவிலைச் சேர்ந்த சுந்தர்ராஜ் தயாரிக்க, பி.வி. ராவ் இயக்கி, 1933இல் திருவனந்தபுரத்தில் வெளியானது. சி.வி. ராமன் பிள்ளையின் நாவலுக்கு உரிமை வைத்திருந்த பதிப்பகம், எங்களைக் கேட்காமல் எப்படி எடுக்கலாம் என்று நீதிமன்றம் போனது. படம் கொட்டகையிலிருந்து இறங்கியது, பிரதி பதிப்பகத்தின் கைக்குப் போனது. அங்கே நாற்பது ஆண்டு தூங்கியது. 1974இல் பூனா தேசியத் திரைப்படக் காப்பகம் அதை மீட்டது. நன்றாக ஓடியிருந்தால் தேய்ந்து, உருகிப் போயிருக்கும். வழக்கில் மாட்டியதால் பிழைத்தது.

கடைசியாக ஒன்று. ஆர்சன் வெல்ஸ் தன் 23ஆம் வயதில், 'சிட்டிசன் கேன்' எடுப்பதற்கு முன்பு, 1938இல் ஒரு நாடகத்தின் நடுவே காட்டுவதற்காக ஊமைப்படம் ஒன்றைப் படம்பிடித்தார். 'டூ மச் ஜான்சன்' என்று பெயர். நாடகம் மேடையேறிய அரங்கில் படம் காட்டத் தோதில்லாமல், அது திரைக்கு வரவேயில்லை. இருந்த பிரதியும் 1970இல் மாட்ரிட்டில் அவருடைய வீட்டில் நடந்த தீ விபத்தில் போய்விட்டது என்றே எல்லோரும் நம்பினார்கள். பிறகு ஒரு நாள் அது கிடைத்தது. எங்கே என்று நினைக்கிறீர்கள்? அதே போர்டெனோனேயில், ஒரு கிடங்கில். எப்படி அங்கே வந்தது என்பது இன்றும் புதிர். பெட்டி சினெமாஸீரோவிடம் வந்து, சுருள் அடையாளம் காணப்பட்டு, அமெரிக்காவில் ஜார்ஜ் ஈஸ்ட்மன் ஹவுஸ் சீர்செய்து, 2013 அக்டோபரில் அதே ஊரின் விழாவில் முதன்முதலாக ஓடியது. அந்தப் பெட்டி வேறு எந்த ஊரில் கிடைத்திருந்தாலும், திறந்து பார்க்கத் தெரிந்த ஆள் இருந்திருப்பாரா?

நம் ஸ்டோர் ரூமில் ஆர்சன் வெல்ஸ் இல்லை, அது எனக்கும் தெரியும். பெட்டிகளைத் திறந்து பார்த்தேன். 'கிரஹப்பிரவேசம், ஏ பிளாக்', 'முதல் பொங்கல் விழா', 'குழந்தைகள் ஃபேன்சி டிரெஸ்' என்று சிலவற்றில் எழுதியிருக்கிறது. பலவற்றில் லேபிளே இல்லை. இரண்டில் பூஞ்சை. அந்த ஃபேன்சி டிரெஸ் குழந்தைகள் சிலர் இப்போது தங்கள் குழந்தைகளோடு விடுமுறைக்கு இங்கே வருகிறார்கள். அந்தப் பொங்கலில் கோலம் போட்ட மூன்று பாட்டிகள் இப்போது இல்லை.

வி.சி.ஆர். தயாரித்துக்கொண்டிருந்த கடைசி நிறுவனமும் 2016இல் உற்பத்தியை நிறுத்திவிட்டது. காந்த நாடா நம் ஊர் ஈரத்தில் அதிக நாள் தாங்காது. கேசட்டை டிஜிட்டலாக மாற்றித் தரும் கடைகள் இன்னும் சில இருக்கின்றன. செயலாளரிடம் பேசினேன். பழைய பொருள் வண்டியில் ஏற்றும் பட்டியலிலிருந்து இந்த இரண்டு பெட்டியை மட்டும் மாத இறுதி வரை நீக்கி, அலுவலக அலமாரியில் வைக்கச் சம்மதித்திருக்கிறார். யார் வீட்டிலாவது ஓடும் நிலையில் வி.சி.ஆர். இருந்தால் காவலாளி அறையில் ஒரு வார்த்தை சொல்லுங்கள். பூஞ்சை பிடித்த இரண்டையும் யாரும் மெஷினில் போட வேண்டாம், ஹெட் கெட்டுவிடும்.