முகவரி ஏடு பெயர்த்த வரலாறு

பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டில் எழுதிக்கொள்வது தமிழர்க்குப் புதிதன்று. பனையோலை செல்லரிக்குமுன் பெயர்த்தெழுதி வைத்தமையாலன்றோ சங்க நூல்கள் நமக்குக் கிடைத்தன! ஆயினும் சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடும் வழக்கம் அரிது. எகர ஏகார வேறுபாடும் தெளிவாக இராது. ஆகவே பெயர்த்தெழுதுந்தோறும் பாடபேதம் மிகுந்தது. அத்தகைய இடர்ப்பாடே கணினி யுகத்திலும் நேர்ந்தது. அதனைத் தீர்க்கும் முயற்சியில் சிங்கப்பூருக்குச் சிறந்ததோர் இடம் உண்டு.

சிராங்கூன் சாலையில் கடை வைத்திருக்கும் ஒருவர் பழைய கணினியை விட்டுப் புதியதற்கு மாறுகிறார் எனக் கொள்வோம். அவருடைய மின்னஞ்சல் முகவரிகள் யாவும் பழையதில் உள்ளன. அவற்றை ஒரு கோப்பாக வெளியே எடுத்துப் புதிய கணினிக்குள் செலுத்துதல் வேண்டும். ஆங்கில எழுத்துக்கள் இடையூறின்றி வந்து சேரும். தமிழ்ப் பெயர்களோ வெறுங் கேள்விக்குறிகளாக நிற்கக்கூடும். இதற்குக் காரணம் யாது?

கணினி எழுத்தை எழுத்தாக வைப்பதில்லை, எண்ணாக வைக்கிறது. எந்த எழுத்துக்கு எந்த எண் என்பதில் 1990களில் தமிழருக்குள் ஒற்றுமை இல்லை. மென்பொருள்கள் தத்தமக்கென அட்டவணை வைத்திருந்தன. ஒன்றில் எழுதியதை மற்றொன்று படிக்க இயலவில்லை.

இந்நிலையில் சிங்கப்பூர் எழுத்தாளரும் ஆசிரியருமான நா. கோவிந்தசாமி 'கணியன்' என்னும் முறையை உருவாக்கினார். 1995 அக்டோபரில் அதிபர் ஓங் டெங் சியோங் தொடங்கிவைத்த சிங்கப்பூர்க் கவிதை இணையத்தளத்தில் தமிழ்க் கவிதைகளும் இடம்பெற்றன. 1997 மே மாதம் தமிழ் இணைய மாநாடு சிங்கப்பூரில் கூடியது. அடுத்த மாநாடு 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்தது. அவ்வாண்டே கோவிந்தசாமி மறைந்தார். 2000 ஜூலையில் சிங்கப்பூரில் மீண்டும் மாநாடு கூடியபோது, 'உத்தமம்' என்னும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் தோன்றியது. யூனிகோடு என்னும் பொது அட்டவணையில் 1991லேயே தமிழுக்கு இடம் தரப்பட்டிருந்தது. எனினும் அது மக்கள் கைக்கு வந்து சேரப் பல்லாண்டுகள் ஆயின.

முகவரிகளுக்கென ஒரு பொதுவடிவமும் இதே காலத்தில் எழுந்தது. ஆப்பிள், ஐபிஎம், ஏடி அண்டு டி, சீமென்ஸ் ஆகிய நிறுவனங்கள் 1995ல் 'வீகார்டு' என்னும் முறையை முன்மொழிந்தன. 1998ல் அது இணையப் பொறியாளர் குழுவின் தரமாயிற்று. 2011ல் வெளிவந்த நான்காம் பதிப்பு, யூனிகோடு எழுத்தை யூடிஎஃப்-8 முறையில் மட்டுமே எழுதவேண்டும் என விதித்தது. அவ்விதியைப் பின்பற்றும் இரு கணினிகளுக்கிடையே தமிழ்ப் பெயர் சிதைவதற்கு இடமில்லை. காற்புள்ளியால் பிரித்தெழுதும் கோப்புகளில் எழுத்துமுறை இன்னதென்னும் குறிப்பு பெரும்பாலும் இராது. ஆதலின் அங்கே இன்றும் எச்சரிக்கை வேண்டும்.

எழுத்து பிழைத்தது, பெயர் பிழைத்ததா? 1998ஆம் ஆண்டுத் தரம் குடும்பப்பெயர், இடுபெயர் எனப் பெயரைக் கூறுபடுத்தும் பகுதி கட்டாயம் இருக்கவேண்டும் என்றது. நம்மவர்க்கோ பெரும்பாலும் குடும்பப்பெயர் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்தே முன்னிற்கும். சிங்கப்பூரில் 'இன்னார் மகன் இன்னார்' என்று பதிவதும் உண்டு. இவற்றை அக்கூறுகளில் அடைக்கப் புகுந்தால், தந்தை பெயர் மகனுக்குரியதாகிவிடும். 2011ஆம் ஆண்டுத் தரம் அக்கட்டாயத்தை நீக்கி, முழுப்பெயர் ஒன்றே போதும் என்றது. இது சிறு திருத்தந்தான். ஆயினும் நமக்குப் பெரிது.

ஆதலின் ஏடு மாற்றுவோர் பழைய கணினியை அழிக்குமுன் புதியதைத் திறந்து, பெயர்களை ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்ப்பாராக. சுவடி பெயர்ப்போர் மூலத்தோடு ஒப்புநோக்கிய பின்னரே பணி முடிந்ததெனக் கொள்ளுதல் வேண்டும். நமக்கும் அதுவே நெறி.