பொதுமக்கள் தந்த வெள்ளியும் பொதுவான கல்வி வளமும்

நூல் நிலையத்திற்குக் கடமைகள் இரண்டு: நூல்களைக் காத்தல் ஒன்று, கற்போர் கையில் அவற்றைச் சேர்த்தல் மற்றொன்று. முன்னதைப் பல்கலைக் கழகங்கள் நெடுங்காலம் செம்மையாகச் செய்துவந்தன. பின்னதோ அவற்றின் மதிலுக்குள்ளேயே நின்றுவிட்டது.

1950களின் நடுவில், சிங்கப்பூரிலிருந்த மலாயாப் பல்கலைக் கழகத்தில் இந்திய இயல் துறை அமையவிருந்தது. அதில் தமிழுக்கே முதலிடம் வேண்டுமெனத் தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி வாதாடினார். ‘தமிழ் எங்கள் உயிர்’ என்னும் நிதி திரட்டப்பெற்றது. எளிய மக்கள் தந்த வெள்ளி, பல்கலைக் கழகத்தில் தமிழ் நூல்களாயிற்று. 1956ஆம் ஆண்டில் துறையும் தொடங்கிற்று. பின்னர் கோலாலம்பூருக்கு மாறிற்று. ஆயினும் பொருள் ஈந்தோர் பலர். அந்நூல்களைப் புரட்டிப் பயின்றோர் சிலரே.

மதிலைக் கடக்கும் வழி பிற்காலத்தில் தோன்றிற்று. கோட்டையூர் ரோஜா முத்தையாவின் அரிய நூற்றொகுதியைச் சிக்காகோ பல்கலைக் கழகம் வாங்கியது. எனினும் அதனைக் கடல் கடத்தாது, 1994இல் சென்னையிலேயே ஆய்வு நூல் நிலையமாக அமைக்கத் துணை நின்றது. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில், தொண்டர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டெழுதி இணையத்தில் எவர்க்கும் விலையின்றி வழங்கினர்.

2002இல் பாரிசில் யுனெஸ்கோ கூட்டிய அவையில், ‘திறந்த கல்வி வளங்கள்’ என்னும் பெயர் பிறந்தது. 2019இல் அதன் பொது மாநாடு இவற்றைப் பரப்புமாறு நாடுகளுக்குப் பரிந்துரைத்தது. விலையின்றிப் படிக்கக் கிடைப்பது மட்டும் திறந்த வளமாகாது. படியெடுக்கவும், திருத்தவும், பிறர்க்கு வழங்கவும் உரிமை வேண்டும். அவ்வுரிமை இருப்பின், வேற்றூர்ப் பாடத்திலுள்ள ஆப்பிளை நீக்கி, நம் மாணவர் அறிந்த ரம்புத்தானை ஆசிரியர் அமைத்துக்கொள்ளலாம்.

இப்பணிக்குப் பல்கலைக் கழக நூல் நிலையமே ஏற்ற இடம். எந்நூல் பொதுவுடைமை, எதற்கு இசைவு வேண்டும் என்பதை ஆராய்ந்து கூற அங்கே வல்லுநர் உளர். மலேசியாவில் நூலாசிரியர் மறைந்து 50 ஆண்டுகளும், சிங்கப்பூரில் 70 ஆண்டுகளும் பதிப்புரிமை நீடிக்கிறது. அக்காலம் கடந்த நூல்களை மின்வடிவாக்கி, பட்டியலிட்டு, பள்ளிகளுக்கு அறிவித்தல் அவர்களால் இயலும். விரிவுரையாளர் ஆக்கும் பாடங்களையும் திறந்த உரிமத்துடன் வெளியிடத் தூண்டலாம்.

ஆசிரியப் பெருமக்களே, இதனைக் கேட்பது இரத்தலன்று. அன்று வெள்ளி ஈந்தவர்களின் பேரப் பிள்ளைகள் இன்று நம் வகுப்பறைகளில் அமர்ந்திருக்கின்றனர். பாட்டன் வாங்கித் தந்த நூலைப் பேரன் படிக்க வழி செய்தல் பல்கலைக் கழகங்களின் கடமையன்றோ!