வேலி இல்லாத மணல்குழி

எங்க அபார்ட்மென்ட் பார்க்கிங்ல போன மாசம் ஒரு போர்டு மாட்டினாங்க: 'இங்கே விளையாடக் கூடாது.' சரி, வேற எங்க விளையாடுறது? அதை போர்டு சொல்லலை. இந்தக் கேள்விக்கு ஒரு நகரமே பதில் தேடின கதைதான் இன்னைக்கு.

1947, ஆம்ஸ்டர்டாம். போர் முடிஞ்சு ரெண்டே வருஷம். அங்கே விளையாட்டுத் திடல்னா அதுவரை பெரும்பாலும் சங்கங்கள் நடத்தினதுதான். வேலி இருக்கும், உறுப்பினர் குழந்தைகளுக்குத்தான் இடம். மாநகராட்சியில நகரத் திட்டமிடல் பார்த்த யாகோபா முல்டர், ஒவ்வொரு பேட்டைக்கும் பொதுவான திடல் வேணும்னு நினைச்சாங்க. வரைஞ்சு கொடுக்கிற வேலை ஆல்டோ வான் எய்க் என்ற இளம் கட்டடக் கலைஞருக்கு வந்தது. அப்போ அவருக்கு முப்பது கூட ஆகலை, கிட்டத்தட்ட என் வயசு. நான் இந்த வயசுல ஒரு பட்டனை இடப்பக்கம் வைக்கிறதா வலப்பக்கம் வைக்கிறதான்னு மீட்டிங் போட்டுட்டு இருக்கேன்.

பெர்டெல்மான்பிளைன் என்ற சின்னச் சதுக்கத்துல முதல் திடல். அகலமான கான்கிரீட் விளிம்போட ஒரு மணல்குழி, குட்டிக்கரணம் போடக் கம்பிகள், சுத்தி பெஞ்சுகள். அவ்வளவுதான். பிற்பாடு தாவிக் குதிக்க உருளைக் கற்களும், கவிழ்த்த கூடை மாதிரி ஏறி விளையாடுற கம்பிக்கூடும் சேர்ந்தன. நம்ம ஊர் பார்க்ல இருக்கிற யானைத் தும்பிக்கைச் சறுக்குமரம் மாதிரி எதையும் அவர் வைக்கலை. யானை எப்பவும் யானைதான்; கம்பிக்கூடு இன்னைக்கு வீடு, நாளைக்கு மலை. மணல்குழி விளிம்புல பாட்டி உட்காரலாம், பேரன் ஓடலாம்.

ஆனா என்னை அசத்தினது இந்தப் பொருட்கள் இல்லை, அவற்றை அவர் வைத்த இடங்கள். பெரிய பூங்காவுக்கு நிலம் கேட்டு அவர் காத்திருக்கவில்லை. இரண்டு வீடுகளுக்கு நடுவில் விழுந்த சந்து, தெரு முனை, யாரும் கண்டுகொள்ளாத மூலை, இதெல்லாம் போதும். பெரும்பாலான இடங்களில் வேலியே கிடையாது. திடல் எங்கே முடியுது, தெரு எங்கே தொடங்குதுன்னு பிரிக்க முடியாது. எங்க தெருவுக்கும் வேணும்னு மக்கள் மாநகராட்சிக்குக் கடிதம் எழுத ஆரம்பிச்சாங்க. 1978 வரைக்கும் எழுநூறுக்கும் மேல திடல்கள் வந்தன.

சில காலி மனைகள் ஏன் காலியாச்சுங்கிறதைச் சொல்லாம இந்தக் கதையை முடிக்க முடியாது. பழைய யூதர் பகுதியில் வாழ்ந்தவர்களை நாஜிகள் முகாம்களுக்கு அனுப்பினார்கள். பெரும்பாலோர் திரும்பவில்லை. 1944-45 பஞ்சக் குளிர்காலத்தில், ஆளில்லாத அந்த வீடுகளின் உத்திரங்களையும் கதவுகளையும் ஊர்க்காரர்களே விறகுக்காகப் பிடுங்கினார்கள், வீடுகள் சரிந்தன. அந்தப் பகுதியில டைக்ஸ்ட்ராட் தெருவுல ஒரு மனையில 1954-ல வான் எய்க் ஒரு திடல் போட்டார். பழைய படத்துல பார்த்தா பக்கத்து வீட்டு மொட்டைச் சுவர், கீழே குழந்தைங்க. ரொம்ப நேரம் அதையே பார்த்துட்டு இருந்தேன்.

இந்தத் திடல்கள்ல பலது தற்காலிகம்தான். மனையில கட்டடம் வந்தா திடல் போயிடும். முக்கால்வாசிக்கு மேல இன்னைக்கு பழைய வடிவத்துல இல்லை.

போர்டு விஷயத்துக்கு வர்றேன். எங்க ஜெனரேட்டர் ரூம் பின்னாடி உடைஞ்ச தொட்டிகளும் ஒரு பழைய சோபாவும் கிடக்கிற மூலை ஒண்ணு இருக்கு. ஞாயிற்றுக்கிழமை டேப் எடுத்துட்டுப் போய் அளந்தேன்: பன்னிரண்டு அடிக்கு ஒன்பது. அசோசியேஷன் மீட்டிங் அடுத்த வாரம்.