எரிந்த வீட்டுக்குக் குடிக்கூலி

நெருப்புக்கு ஏழை, பணக்காரன் என்ற பேதம் கிடையாது என்பார்கள். லண்டன் மாநகரம் எரிந்த சரித்திரத்தைப் படித்தது முதல் எனக்கு அந்த வார்த்தையில் நம்பிக்கை போய்விட்டது.

1666-ஆம் வருஷம் செப்டம்பர் 2-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை விடியுமுன், புட்டிங் சந்தில் தாமஸ் ஃபாரினர் என்பவரின் ரொட்டிக் கடையில் தீப்பிடித்தது. வீட்டார் மாடி ஜன்னல் வழியாக அடுத்த வீட்டுக்குத் தாவித் தப்பினார்கள். வேலைக்காரப் பெண்ணுக்குத் தாவத் தைரியம் வரவில்லை. முதல் பலி அவள்தான்.

நாலு நாளில் 13,200 வீடுகளும், 87 மாதா கோயில்களும், செயின்ட் பால் பேராலயமும் சாம்பலாயின. ஆனால் செத்தவர் தொகையோ, அதிகாரிகள் கணக்கில் பத்தைக்கூட எட்டவில்லை! ஏழைகளைக் கணக்கில் சேர்த்தார்களா என்று சந்தேகிக்கும் சரித்திர ஆசிரியர்கள் உண்டு.

சில ஷில்லிங்காக இருந்த வண்டிச் சத்தம் 40 பவுன் வரை ஏறியது. கொடுக்க முடிந்தவர்களின் சாமான்கள் ஊர் தாண்டின. கடற்படை உத்தியோகஸ்தர் சாமுவேல் பீப்ஸ் தம் பாலாடைக் கட்டியையும் மதுவையும் தோட்டத்தில் குழி வெட்டிப் புதைத்தார். புதைக்கத் தோட்டம் இல்லாதவன் என்ன செய்வான்? மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு மூர்ஃபீல்ட்ஸ் மைதானத்துக்கு நடந்தான். இஸ்லிங்டன், ஹைகேட் பக்கம் பட்டினி கிடந்தும் ஒரு காசு யாசிக்காத ஜனங்களைக் கண்டு ஜான் ஈவ்லின் தம் நாட்குறிப்பில் வியக்கிறார்.

தீ அணைந்த பிறகுதான் அடுத்த தீ மூண்டது. குத்தகைப் பத்திரப்படி, வீடு எரிந்தாலும் குடியிருந்தவன் கூலி கட்டவேண்டும். வீட்டையும் அவனே கட்டித் தரவேண்டும். கடையும் சரக்கும் போனவன் எங்கே போவான்?

நல்லவேளையாக, 1667-ல் இதற்கென்றே தீ நீதிமன்றம் ஒன்று ஏற்பட்டது. நீதிபதிகள் ஊதியம் வாங்காமல் வழக்குகளை விசாரித்தார்கள். வீடு கட்ட முன்வந்தவனுக்குக் கூலியைக் குறைத்தார்கள், குத்தகையை நீட்டினார்கள். பத்திரத்தின் எழுத்தைவிட மனிதனின் கஷ்டத்தைப் பெரிதாக நினைத்த அந்த நீதியை நான் மனமாரப் போற்றுகிறேன்.

ஆனால் பத்திரமே இல்லாமல், பரணிலும் நிலவறையிலும் வாரக் கூலிக்கு ஒண்டியிருந்தவர்கள்? அவர்கள் கையில் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக ஒரு காகிதமும் இல்லை.

நன்றி மறவாத நகரத்தார் அந்த நீதிபதிகளின் உருவப் படங்களை எழுதுவித்து மாட்டினார்கள். செய்யவேண்டியதுதான். அந்த வேலைக்காரப் பெண்ணுக்கோ நிச்சயமான ஒரு பெயர்கூட மிஞ்சவில்லை.