தலையை மணலில் புதைத்தல்

தலையை மணலில் புதைத்தல் என்பது, எதிர்கொள்ள வேண்டிய இடரையோ விரும்பத்தகாத உண்மையையோ காண மறுத்து, அது இல்லாதது போல் நடந்துகொள்வதைக் குறிக்கும் ஓர் ஆங்கில மரபுத்தொடர் ஆகும். ஆபத்து நெருங்கும்போது தீக்கோழி (நெருப்புக்கோழி) தன் தலையை மணலுக்குள் புதைத்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையிலிருந்து இது பிறந்தது. எனினும், தீக்கோழி அவ்வாறு செய்வதில்லை.

தோற்றம்

இந்நம்பிக்கையின் பழைய வடிவம், உரோமை எழுத்தாளரான மூத்த பிளினி கி.பி. முதலாம் நூற்றாண்டில் எழுதிய "இயற்கை வரலாறு" என்னும் நூலின் பத்தாம் பகுதியில் காணப்படுகிறது. தீக்கோழி தன் தலையையும் கழுத்தையும் புதருக்குள் நுழைத்துக்கொண்டு, உடல் முழுவதும் மறைந்துவிட்டதாக எண்ணும் என்று அவர் குறிப்பிடுகிறார். அவர் கூறியது புதர். மணல் பிற்காலத்தில் வந்து சேர்ந்தது.

பறவையின் இயல்பு

தலையை மணலில் புதைத்தால் தீக்கோழியால் மூச்சுவிட இயலாது. இத்தவறான எண்ணத்துக்கு அதன் இரு இயல்புகள் காரணமாகக் கூறப்படுகின்றன.

* தீக்கோழி தரையில் ஆழமற்ற குழி பறித்து முட்டையிடும். முட்டைகளை அலகால் புரட்டிவிடக் குனியும்போது, தொலைவிலிருந்து பார்ப்பவருக்குத் தலை மண்ணுக்குள் இருப்பது போல் தோன்றும்.
* ஆபத்தை உணர்ந்து ஓட இயலாத நிலையில் அது கழுத்தைத் தரையோடு நீட்டிப் படுத்துக்கொள்ளும். தலையும் கழுத்தும் மண்ணின் நிறத்தோடு கலந்துவிட, உடல் மட்டும் ஒரு மேடு போலத் தெரியும்.

பெரும்பாலும் தீக்கோழி மணிக்கு ஏறத்தாழ 70 கிலோமீட்டர் வேகத்தில் ஓடித் தப்பிக்கும். நெருக்கப்பட்டால் வலிமையான கால்களால் உதைக்கும். ஆகவே, இத்தொடர் காட்டும் நடத்தை பறவைக்குரியது அன்று, மனிதருக்குரியதே.

பயன்பாடு

முதலாம் உலகப் போரின்போது, 1916 ஆம் ஆண்டில், அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஊட்ரோ வில்சன் தமது நாடு மணலில் தலை புதைத்த தீக்கோழியாக இருக்க முடியாது என்ற கருத்தில் உரையாற்றினார். பொருளியலாளர்களான டான் கலாய், ஓர்லி சாடே ஆகியோர் 2006 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், நிதி தொடர்பான இடர்கள் இல்லாதது போல் பாவித்து அவற்றைத் தவிர்க்கும் போக்கைத் "தீக்கோழி விளைவு" என்று அழைத்தனர். பங்குச் சந்தை வீழும்போது முதலீட்டாளர்கள் தம் கணக்கைப் பார்ப்பதையே குறைத்துக்கொள்வது இதற்கு ஓர் எடுத்துக்காட்டு.

தமிழில்

"பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடுமா?" என்னும் பழமொழி இதற்கு நெருங்கிய பொருள் உடையது. காணாமல் இருப்பதால் மட்டும் ஒன்று இல்லாமற் போய்விடாது என்பதே இரண்டும் உணர்த்தும் கருத்தாகும்.